இல்லமும் காரியாலயமும்



இந்நூலகத்தின் வாசகர் வட்டத்தார் தங்கள் ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது, இலக்கியத்திலோ சமயத்திலோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆயினும், இந்தத் தென்காசிச் சீமையில் வீட்டுக்கு வீடு தாய்தந்தையரும் பிள்ளைகளும் மருமக்களும் கூடியிருந்து கவலையோடு யோசித்து வரும் விஷயம் ஒன்று இருக்க, அதைப் புறத்தே விட்டு வேறொன்றைப் பேச என் மனம் இடங்கொடுக்கவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் மடிக்கணினியோடு ஊர் திரும்பி, இங்கேயே குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து, முதுமையடைந்த பெற்றோருக்குத் துணையாக இருந்துகொண்டு, சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள ஐ.டி. கம்பெனிகளுக்கு உழைத்து வந்த நம் பிள்ளைகளுக்கு, அலுவலகத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்ற கட்டளை வந்துகொண்டிருக்கிறது. போவதா, இருப்பதா, உத்தியோகத்தையே விட்டுவிடுவதா என்ற விசாரம் எழும் குடும்பங்களில், கடைசியில் உத்தியோகத்தை விடுபவர் பெரும்பாலும் மனைவியாகவே இருக்கிறார் என்பதை நான் வருத்தத்தோடு கண்டு வருகிறேன். ஆகவே இதைச் சிறிது விஸ்தாரமாகப் பேச உங்கள் அனுமதியைக் கோருகிறேன்.

வீட்டிலிருந்தபடியே பிறருக்கு உழைத்துக் கூலி பெறுவது 2020ஆம் ஆண்டில் பிறந்த புதுமை என்று பத்திரிகைகள் எழுதியபோது, நம் ஊர்த் தாய்மார்கள் அதைக் கண்டு வியந்திருக்க நியாயமில்லை. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பாவூர்சத்திரத்திலும் மேலப்பாளையத்திலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலையைக் கத்தரித்து, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி வாங்கி, தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தைத் தாங்கியவர்கள் அவர்கள். காலையில் அடுப்பு மூட்டிவிட்டுச் சிறிது நேரம் சுளகு; குழந்தை அழுதால் தொட்டிலை ஆட்டிவிட்டு மறுபடியும் சுளகு; தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு ஓட்டம்; இரவு எல்லாரும் உறங்கிய பின் விளக்கின் கீழ், மறுநாள் கடையில் ஒப்படைக்க வேண்டிய எண்ணிக்கை குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு மீண்டும் சுளகு. கூரையும் விளக்கும் பாயும் தொழிலாளியுடையவை, லாபம் முதலாளியுடையது. ஒப்படைத்த பீடியில் ஒரு பகுதி தரமில்லை என்று கழிக்கப்பட்டால் அதைக் கேட்பதற்கு ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே அநியாயம் நேர்ந்தது என்பதுகூட, இருவரும் கடை வாசலில் சந்தித்தால்தான் தெரியும்.

இந்த நிலையில்தான் 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. தொழிற்சாலையின் நான்கு சுவருக்குள் வேலை செய்பவன்தான் தொழிலாளி என்ற பழைய எண்ணத்தை அச்சட்டம் கடந்து, தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. மகப்பேற்று உதவி அவளுக்கும் உண்டு என்றது. இலைப் பட்டுவாடா, கழிவு, கழிக்கப்பட்ட பீடிக்குக் கூலி ஆகியவை பற்றிய தகராறுகளைத் தீர்க்க வழி செய்தது. தம் வீட்டில் தம் இஷ்டப்படி வேலை செய்பவர்களுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்ற ரீதியில் முதலாளிகள் நீதிமன்றங்களில் வாதாடினார்கள். 1974ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் வந்ததாலேயே எல்லாத் துயரமும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கூலியின் சொற்பம் இன்றும் நமக்குத் தெரியும். ஆனால், வீடு என்பது வேலை செய்யும் இடமானால் அங்கே தொழிலாளியின் உரிமையும் கூடவே நுழைய வேண்டும் என்ற தத்துவத்தைக் கல்வியறிவு மிக்க ஐ.டி. உத்தியோகஸ்தர்களுக்கு முன்பே போராடி நிலைநாட்டியவர்கள், எழுத்தறிவு வாய்க்கப்பெறாத நம் பீடித் தொழிலாளிகள் என்பதை இங்கே நன்றியோடு நினைவுகூர்வது என் கடமை.

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி மாலையில் பிரதமர் ஊரடங்கை அறிவித்து, அன்று நள்ளிரவே அது அமலுக்கு வந்தபோது, பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் நிற்கும் கண்ணாடி மாளிகைகள் எவ்வளவு விரைவில் வெறிச்சோடின என்பதை நீங்கள் அறிவீர்கள். தொலைபேசிச் சேவைக் கம்பெனிகள் தங்கள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யவிட வேண்டுமானால் அரசாங்கத்திடம் பிணைத்தொகை கட்ட வேண்டியிருந்த நாட்டில், அதே மார்ச் மாதம் 13ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை அந்த நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டது. இயலாது, பாதுகாப்பில்லை, வாடிக்கையாளர் சம்மதிக்கமாட்டார் என்று அதுவரை சொல்லப்பட்டதெல்லாம் சில வாரங்களில் இயல்வதாயிற்று. நாட்டின் மிகப்பெரிய கணினி ஸ்தாபனமாகிய டி.சி.எஸ்., 2025ஆம் ஆண்டளவில் எந்த வேளையிலும் தன் ஊழியர்களில் 25 சதவீதத்தினர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற ஒரு நோக்கத்தை 2020ஆம் ஆண்டிலேயே பகிரங்கமாக அறிவித்தது. அந்த வார்த்தையை நம்பி எத்தனை குடும்பங்கள் நகரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரில் வீடு கட்டத் துணிந்தன! ஆனால் 2023 அக்டோபரில் அதே ஸ்தாபனம் வாரத்தின் ஐந்து வேலைநாளும் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று ஊழியர்களுக்குப் பணித்தது. வியாபார நிலைமைகள் மாறும், யோசனைகளும் மாறும், அதை நான் குறை கூறவில்லை. ஒரு குடும்பம் குடிபெயர்வதற்கும் ஒரு குழந்தை பள்ளி மாறுவதற்கும் ஒரு கிழவிக்கு மாற்றுத் துணை ஏற்பாடு செய்வதற்கும் எவ்வளவு அவகாசம் தேவை என்று ஒரு கணமும் எண்ணிப்பாராமல், நாலு வரி மின்னஞ்சலில் இத்தகைய கட்டளைகளைப் பிறப்பிக்கும் வழக்கம் நம் தொழில் உலகத்தில் பரவிவிட்டதே, அதைத்தான் அநியாயம் என்று சொல்கிறேன்.

இனி, எந்த முறை சிறந்தது என்ற விவாதத்துக்கு வருவோம். பலரும் தத்தம் அனுபவத்தையே பிரமாணமாகக் கொண்டு வாதாடும் இவ்விஷயத்தில், நம் சென்னையிலேயே நடத்தப்பட்ட ஓர் ஆராய்ச்சி என் சிந்தனையை வெகுவாகத் தெளிவுபடுத்தியது. டேவிட் அட்கின், ஆன்டனெட் ஷோர், சுமித் ஷிண்டே என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், கணினியில் விவரங்களைப் பதிவு செய்யும் வேலைக்கு 235 பேரை அமர்த்தி, யார் வீட்டில் வேலை செய்வது, யார் அலுவலகத்தில் செய்வது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் நிர்ணயித்தார்கள். அதே சமயத்தில், உங்களுக்கு எது விருப்பம் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டார்கள். 2023ஆம் ஆண்டு வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, வீட்டில் வேலை செய்தவர்களின் உற்பத்தி, அலுவலகத்தில் செய்தவர்களைவிட 18 சதவீதம் குறைவு. இந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தென்பட்டுவிட்டது. மீதிப் பங்கு, அலுவலகத்தில் இருந்தவர்கள் நாளடைவில் வேகமாகக் கற்றுக்கொண்டதனால் விளைந்தது.

முதலாளிகள் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தீர்களா, எல்லாரும் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று சொல்லக்கூடும். அவர்களை அடுத்த பக்கத்தையும் வாசிக்குமாறு நான் வேண்டுகிறேன். வீட்டில் வேலை செய்வதையே விரும்புவதாகச் சொன்னவர்கள் ஆரம்பத்தில் மற்றவர்களைக் காட்டிலும் வேகமும் பிழையின்மையும் உடையவர்களாக இருந்தார்கள். அதாவது வீட்டைக் கேட்டவர்கள் சோம்பேறிகளல்லர், திறமைசாலிகள். ஆனால் அத்தகையவர்களுக்கு வீடு கிடைத்தபோது, அலுவலகத்தில் அவர்கள் செய்திருக்கக்கூடியதைவிட 27 சதவீதம் குறைவாகவே செய்ய முடிந்தது. அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு இந்தக் குறைவு 13 சதவீதம்தான். யார் இவர்கள் என்று பார்த்தால், குழந்தை உள்ளவர்களும் வீட்டில் பிறரைப் பராமரிக்கும் பொறுப்பு உள்ளவர்களும் ஏழைக் குடும்பத்தினரும் ஆகிய இவர்களிடத்தில்தான் இந்த முரண் அதிகமாகக் காணப்பட்டது.

இதன் தாத்பரியம் என்ன? வீட்டிலிருந்து வேலை செய்வது யாருக்கு மிகவும் அவசியமோ, அவர்களுக்கே வீட்டில் அமைதியாக அமர்ந்து வேலை செய்ய வழியில்லை. ஒற்றைக் கூடமும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டில், மாமனாருக்கு மருந்து கொடுக்கும் வேளையும் குழந்தை பள்ளியிலிருந்து திரும்பும் வேளையும் மேலதிகாரி அழைக்கும் மீட்டிங் வேளையும் ஒன்றாக வரும்போது, அந்தப் பெண் எதற்கென்று எழுந்திருப்பாள்? மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷங்களை ஊதியமில்லாத அவ்வேலையில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். ஈடுபடாத ஆண்களே மிகப் பெரும்பாலோர் என்பது அக்கணக்கில் வேறு ஓரிடத்தில் இருக்கிறது. அலுவலகம் வீட்டுக்குள் வந்தபோது, ஆடவர்களில் பலர் ஓர் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள்; பெண்களில் பலர் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், எல்லாரும் வந்துபோகும் வழியில், மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டார்கள். இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்து, கடுமையாக அல்ல, உரிமையோடு சொல்கிறேன்: உங்கள் வீட்டில் தாழிடக்கூடிய அறை ஒன்றே இருந்தது என்றால், அதில் யார் இருந்தார்கள் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான முடிவைக் காட்டும் ஆராய்ச்சியும் உண்டு. சீனத்தில் ஷாங்காய் நகரைச் சேர்ந்த சிட்ரிப் என்ற பிரயாண ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டு முடிவில் தொடங்கி ஒன்பது மாத காலம் தன் தொலைபேசி ஊழியர்களில் ஒரு பகுதியினரை வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டபோது அவர்களுடைய வேலைத்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டுப் போகிறவர்களின் தொகை பாதியாகக் குறைந்தது. நம் ஊரின் அனுபவம் ஏன் வேறாயிற்று என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேலைக்கென்று தனி அறை உடையவர்களையே அந்த ஸ்தாபனம் தேர்ந்தெடுத்தது. அங்கேயும், சோதனை முடிந்த பின் பலர் தனிமையைத் தாளமாட்டாமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள் என்பதும், ஒரே அளவு திறமை காட்டியும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது என்பதும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. கண்ணுக்கு எதிரே இல்லாதவரை அதிகாரி மறந்துவிடுகிறார். ஆகையால் வீட்டிலிருந்து உழைக்கும் பெண்ணுக்கு இரட்டை நஷ்டம் நேர்கிறது: வேலைக்கு வேண்டிய அமைதியும் கிடைப்பதில்லை, செய்த வேலைக்கு உரிய பெயரும் கிடைப்பதில்லை.

காரியாலயத்தின் பெருமையையும் நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கல்லூரியிலிருந்து நேரே வரும் இளைஞன் ஒருவன், பக்கத்து ஆசனத்தில் உள்ள அனுபவசாலி ஒரு சிக்கலை எப்படி அணுகுகிறார், கோபக்கார வாடிக்கையாளரிடம் எவ்வாறு பேசுகிறார், தவறு நேர்ந்துவிட்டால் அதை எவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்கிறார் என்பதையெல்லாம் ஒருவரும் போதிக்காமலே கற்றுக்கொள்கிறான். குருகுலத்தில் சீடன் ஆசிரியரின் நிழலில் இருந்தே கற்றது போன்றது அது. ஊரடங்குக் காலத்தில் உத்தியோகத்தில் சேர்ந்து, ஈராண்டு காலம் சக ஊழியர் ஒருவரையும் நேரில் காணாமல் திரையில் தெரிந்த பெயர்களோடு மட்டுமே வேலை செய்த பிள்ளைகள், அந்தப் பாக்கியத்தை இழந்தவர்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. அதைப் பற்றி முதலாளிகள் பேசமாட்டார்கள், நாம்தான் பேச வேண்டும். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமானபோது, செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் வாடியாவும் திரு.வி.க.வும் அந்தத் தொழிலாளிகளிடம் பேச முடிந்ததற்குக் காரணம், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாயில் வழியே நுழைந்து, ஒரே வாயில் வழியே களைத்து வெளிவந்ததுதான். உணவுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்ற குறையை ஒருவன் சொன்னால், அது தன் குறையும்தான் என்று அடுத்தவனுக்கு உடனே தெரிந்தது. இன்று இரவு பதினோரு மணிக்கு மேலதிகாரியின் அழைப்பு வருவது தனக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்பதை வீட்டில் தனித்திருக்கும் ஊழியன் யாரிடம் கேட்டறிவான்? ஐரோப்பாவில் போர்ச்சுகல் தேசம், வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியரை முதலாளி தொடர்புகொள்ளலாகாது என்றும், வீட்டிலிருந்து வேலை செய்வதனால் கூடும் மின்சார, இணையச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்றும் 2021ஆம் ஆண்டு சட்டம் செய்தது. நம்மிடையே அத்தகைய சட்டம் வேண்டும் என்று குரல் எழும்பவேண்டுமானால், குரல்கள் முதலில் ஒரு கூரையின் கீழ் சந்திக்க வேண்டும்.

இந்த இடத்தில் சற்றே விலகி ஒரு வார்த்தை. வீடா அலுவலகமா என்று விவாதிக்கும் பாக்கியமே இல்லாதவர்கள் நம்மைச் சுற்றி ஏராளம். அந்தக் கொள்ளைநோயின் நடுவிலும் தெருவைப் பெருக்கியவர்களுக்கும் பாலும் எரிவாயுவும் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் வீட்டில் இருக்கும் உரிமை இருந்ததில்லை. துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணுக்கு உட்கார ஓர் ஆசனம் தரவேண்டும் என்பதே நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று. நாம் பேசும் விஷயத்தைச் சிறியதென்று கருதி இதைச் சொல்லவில்லை. உரிமை என்பது எந்தத் தொழிலில் முதலில் கிடைத்தாலும் அது மற்ற தொழிலாளிக்கும் வழிகாட்டும் என்ற நம்பிக்கையால் சொல்கிறேன்.

அப்படியானால் நான் எந்தக் கட்சி என்று நீங்கள் கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அதைப் பலரும் மறந்திருக்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். 1973ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வாகன நெரிசலைக் கண்டு மனம் நொந்த ஜாக் நில்ஸ் என்ற அறிஞர், வேலைக்கு மனிதன் பிரயாணம் செய்வதற்குப் பதிலாக மனிதனிடம் வேலையை அனுப்பினால் என்ன என்று ஆராயத் தொடங்கி, ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதைச் செய்து பார்த்தார். அப்போது அவர் ஊழியரை வீட்டில் அமர்த்திவிடவில்லை. அவர்கள் குடியிருக்கும் பகுதிகளுக்கு அண்மையில் சிறு சிறு கிளை அலுவலகங்களை அமைத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் அலுவலகம் என்பதே ஆதியில் எழுந்த எண்ணம்.

அவ்வெண்ணம் நமக்கு அந்நியமானதன்று. இதே தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ ஸ்தாபனம் கொள்ளைநோய்க்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அலுவலகம் அமைத்து, வயல்களுக்கு நடுவிலிருந்து உலக வியாபாரம் செய்ய இயலும் என்று காட்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு சென்னைத் தரமணியில் டைடல் பூங்காவைத் திறந்த நம் மாநில அரசு, 2024ஆம் ஆண்டில் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் மினி டைடல் பூங்காக்களைத் திறந்து வைத்தது. இவற்றைப் புதிய கம்பெனிகளை வரவழைக்கும் இடங்களாக மாத்திரம் கருதாமல், பல கம்பெனிகளின் ஊழியர்கள் ஊருக்கு அண்மையிலேயே வந்தமர்ந்து வேலை செய்யும் பொது மண்டபங்களாகவும் ஆக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு மாதத்தில் சில நாட்கள் போய்வரட்டும். மற்ற நாட்களில் பஸ்ஸில் அரை மணியில் போய்ச் சேரக்கூடிய ஒரு மண்டபத்தில், தடையில்லாத மின்சாரமும் உறுதியான இணையமும் தனக்கென்று ஒரு மேசையும், பேசிக் கலந்துகொள்ள நாலு மனிதர்களும் இருக்கட்டும். சென்னை ஆராய்ச்சியில் 27 சதவீதம் இழந்த அந்தப் பெண் கேட்டது உண்மையில் வீட்டை அன்று. குழந்தைக்கும் மாமியாருக்கும் எட்டும் தூரத்தில் இருப்பதையே அவள் கேட்டாள் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தூரத்தை வீட்டுக்கு வெளியேயும் அமைத்துத் தர முடியும்.

இதில் ஒரு சட்டச் சிக்கலை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்து என் உரையை நிறைவு செய்கிறேன். மகப்பேற்று நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் விதித்தது. நான் சொல்லும் பொது மண்டபத்தில் ஒரு கம்பெனிக்குப் பத்துப் பேர், மற்றொன்றுக்கு இருபது பேர் என்று அமர்ந்திருப்பார்கள்; ஆகவே இங்கே எங்களுக்கு 50 பேர் இல்லை என்று ஒவ்வொரு கம்பெனியும் சொல்லி நழுவிவிட இடமுண்டு. அந்த 50 என்ற எண்ணை அங்கே கம்பெனிவாரியாகக் கணக்கிடாமல் மண்டபத்தின் மொத்தத் தொகையாகக் கணக்கிட வேண்டும். காப்பகம் அமைக்கும் கடமையை மண்டபத்தை நடத்துபவர் மேல் சுமத்தி, செலவை அங்கே ஆசனம் எடுத்திருக்கும் கம்பெனிகளிடம் ஆள் கணக்குக்கு வசூலிக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை ஒரு மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் நூலகர் மேசையில் இருக்கும். கட்டளை வந்திருக்கும் வீடுகளைச் சேர்ந்தவர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், அதை வாசித்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, கையொப்பமிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.